ஆலை வாசலுக்கு வெளியே கொத்தடிமைகள்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பன்னாட்டு ஆலைகளின் சுவர்களுக்குச் சில மைல் தள்ளி, சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காகக் குடும்பங்கள் அடகு போகின்றன. சட்டம் வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. கம்பெனிகளின் அறிக்கைகளில் "கொத்தடிமை முறை இல்லை" என்ற வரி தவறாமல் இருக்கிறது. தேடும் இடம்தான் சரியில்லை.

வாத்து மேய்ப்பவர்களுக்கு நிலையான முகவரி கிடையாது. எந்த வயலில் அறுவடை முடிந்ததோ அங்கே கூடாரம். சிந்திய நெல்லும் நத்தையும் தீர்ந்ததும் அடுத்த ஊர். ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்திலும், எல்லைக்கு இந்தப் பக்கம் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களிலும் இது அன்றாடக் காட்சி. மந்தைக்குப் பின்னால் கம்பும் கையுமாக நடப்பவர்கள் பல இடங்களில் யானாதிகள் அல்லது இருளர்கள். வாத்துகள் அவர்களுடையவை அல்ல.

2025 மே மாதம் காஞ்சிபுரத்தில் பாலாற்றங்கரையில் ஒரு குழி தோண்டப்பட்டது. வெளியே வந்தது ஒன்பது வயதுச் சிறுவனின் உடல். அவன் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த யானாதிக் குடும்பத்துப் பையன். அவனுடைய பெற்றோர் சத்தியவேடு பகுதியில் வாத்துக்காரர் ஒருவரிடம் வேலைக்கு இருந்தவர்கள். தந்தை வாங்கியிருந்த கடன் ரூ. 25,000. அவர் இறந்தும் கடன் இறக்கவில்லை. வேலையை விட்டுப் போகிறேன் என்ற தாயிடம் வட்டியோடு சேர்த்து ரூ. 45,000 கேட்கப்பட்டது என்பது புகார். பணத்தைப் புரட்டிக்கொண்டு வரும்வரை மூன்று பிள்ளைகளில் ஒருவன் அங்கேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அண்டாவையோ கம்மலையோ வைப்பதுபோல் மகனை வைத்துவிட்டுப் போனாள் தாய்.

பணத்தோடு திரும்பியபோது பையன் இல்லை. ஓடிவிட்டான் என்று முதலில் சொல்லப்பட்டது. போலீஸ் விசாரித்தபோது, மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டான், யாருக்கும் தெரியாமல் புதைத்துவிட்டோம் என்ற பதில் கிடைத்தது. வாத்துக்காரரும் அவருடைய மனைவியும் மகனும் கைது செய்யப்பட்டார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று வழக்குகள் பதிவாயின.

இதே சத்தியவேடு மண்டலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் போனால் தடா. அங்கிருந்து இடதுபுறம் திரும்பினால், 2008இல் தொடங்கப்பட்ட ஸ்ரீசிட்டி தொழில் நகரம். சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் பரவிக் கிடக்கும் இந்த வளாகத்தில் இசுசு வாகனங்கள், அல்ஸ்டம் மெட்ரோ ரயில் பெட்டிகள், மொண்டலீஸ் சாக்லேட், டைகின் ஏர்கண்டிஷனர் எல்லாம் தயாராகின்றன. சிறுவனின் சாவுக்கும் இந்த ஆலைகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இருபத்தோராம் நூற்றாண்டின் ஆலையும், பிள்ளையை அடகு கேட்கும் கடனும் ஒரே மண்டலத்தில் இருக்கும்போது, இரண்டும் எங்கேயும் சந்தித்துக்கொள்வதே இல்லையா?

நான்கு பொருள்கள்

எந்த ஆலையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுவருக்குச் செங்கல் வேண்டும். தளத்துக்கு ஜல்லி வேண்டும். சரக்கை அடுக்கி லாரியில் ஏற்ற மரச்சட்டப் பலகைகள் வேண்டும். கேண்டீனுக்கு அரிசி வேண்டும். செங்கல், ஜல்லி, மரம், அரிசி: இந்த நான்கு தொழில்களிலும் தென்னிந்தியாவில் திரும்பத் திரும்பக் கொத்தடிமைகள் மீட்கப்பட்டிருக்கிறார்கள்.

2011இல் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளை ஒன்றிலிருந்து 500க்கு மேற்பட்ட ஒடிசாத் தொழிலாளர்கள் மீட்கப்பட்டனர். ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களில் அறுவடைக்குப் பிறகு கையில் காசு இல்லாத மாதங்களில் முகவர்கள் வருவார்கள். கணவன், மனைவி, ஒரு பிள்ளை சேர்ந்தது ஒரு "ஜோடி". ஜோடிக்கு இவ்வளவு என்று முன்பணம். ஆறு மாதம் சூளையில் கல் அறுத்துக் கழிக்க வேண்டும். அறுத்த கல்லின் எண்ணிக்கையும், வாரச் செலவுக்குக் கொடுத்த காசும் சூளைக்காரரின் நோட்டில் மட்டுமே இருக்கும். ஆறாவது மாதம் கணக்குப் பார்க்கும்போது கடன் தீர்ந்ததா இல்லையா என்பதை அந்த நோட்டுதான் சொல்லும்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 இருளர்கள் மீட்கப்பட்டார்கள். பதின்மூன்று குடும்பங்கள், அவர்களில் பதினாறு பேர் குழந்தைகள். மீட்க வந்த அதிகாரியின் காலில் முதியவர் ஒருவர் விழுந்து கும்பிட்ட புகைப்படம் நாடெங்கும் பரவியது. அவர்களைப் பல ஆண்டுகள் கட்டிப்போட்டிருந்த கடன் சில ஆயிரங்கள்தான். விறகும் கம்பும் அங்கிருந்து லாரியில் ஏறிய பிறகு எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. விறகில் பெயர் எழுதியிருக்காது.

இங்கேதான் கம்பெனிகளின் கண்ணுக்கு மறைப்பு விழுகிறது. ஆலைக்குள் வேலை செய்பவருக்கு அடையாள அட்டை உண்டு, வங்கிக் கணக்கு உண்டு, பி.எஃப். எண் உண்டு. அவரை ஆலைக்கு அனுப்பும் காண்ட்ராக்டரைக் கம்பெனிக்குத் தெரியும். காண்ட்ராக்டருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரியைத் தெரியாது. கிராமத்தில் மேஸ்திரிக்குப் பணம் கொடுத்து வைத்திருப்பவர் யார் என்று மேஸ்திரியைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு படியிலும் ஒரு கை மாறுகிறது. கடைசிப் படியில் இருப்பது கடன்.

தமிழர்களுக்கு இது புதிய கதையும் அல்ல. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு நம்மவர்களை அழைத்துப் போன கங்காணியும் முன்பணத்தில்தான் ஆள் கட்டினார். தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், அவருடைய கடனைப் புதிய தோட்டம் அடைக்க வேண்டும். அந்தக் கடனைக் குறித்த சீட்டுக்குப் பெயர் "துண்டு". பிரிட்டிஷ் அரசே 1921இல் அந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு சூளைக்காரர் ஒருவரிடமிருந்து இன்னொருவர் ஒரு குடும்பத்தின் கடனை அடைத்து ஆளைக் கூட்டிப் போகும்போது கைமாறுவதும் அதே துண்டுதான். இப்போது சீட்டு எழுதுவதில்லை, அவ்வளவே.

சேஷாசலத்துக்குப் போனவர்கள்

முன்பணத்தின் இன்னொரு பாதை திருப்பதி மலைக்குப் பின்னால் போகிறது. செம்மரம் உலகத்திலேயே இயற்கையாக வளர்வது முக்கியமாக இந்தப் பகுதியில்தான்: சித்தூர், திருப்பதி, கடப்பை, நெல்லூர் வட்டாரத்து மலைகள். சீனாவில் அது அரண்மனைப் பாணி மேஜை நாற்காலியாகிறது; ஜப்பானில் இசைக்கருவிகளாகிறது. 1995 முதல் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அது இருக்கிறது. வெட்டினால் சிறை. ஆனாலும் ஹாங்காங்கிலோ ஷாங்காயிலோ நாற்காலி வாங்குபவர் ஒருநாளும் சேஷாசலம் காட்டில் கால் வைப்பதில்லை. காட்டுக்குள் போகிறவர்கள் ஜவ்வாது மலை, சித்தேரி மலை, கல்வராயன் மலைக்காரர்கள்.

2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் இரண்டு வன அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள். அதையடுத்துத் தமிழகத் தொழிலாளர்கள் ஏறக்குறைய முந்நூறு பேர் மொத்தமாக வழக்கில் சேர்க்கப்பட்டு ஆந்திரச் சிறைகளில் கிடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பின்னர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள்.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி விடியற்காலை. திருப்பதிக்கு அருகே சந்திரகிரி மண்டலத்துக் காட்டில் இரண்டு இடங்களில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். இருபது பேரும் தமிழர்கள். திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்தவர்களே மிகுதி. கல்லாலும் அரிவாளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். முந்தின நாளே பஸ்ஸிலிருந்து தங்களோடு வந்தவர்களை இறக்கிக் கூட்டிச் சென்றார்கள் என்று தப்பி வந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா ரூ. 5 லட்சம் இடைக்கால நிவாரணம் வழங்கும்படி தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது. 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. அவர்களும் தமிழக மலைக்காரர்கள்.

செம்மரம் வெட்டப் போகிற ஒவ்வொருவரையும் கொத்தடிமை என்று சொல்லிவிட முடியாது. தெரிந்தே போகிறவர்கள் உண்டு. அதிகக் கூலிக்கு ஆசைப்பட்டுப் போகிறவர்கள் உண்டு. கட்டட வேலை, பெயிண்ட் வேலை என்று ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டவர்களும் முன்பணம் வாங்கிவிட்டதால் மறுக்க முடியாதவர்களும் உண்டு. மலையில் மழை பொய்த்தால், சாமை விளையாவிட்டால், கல்யாணக் கடன் ஏறினால், ஊருக்குள் பணத்தோடு வருகிற ஒரே ஆள் முகவர்தான். அவர் செங்கல் சூளைக்கும் ஆள் எடுப்பார், கரும்பு வெட்டவும் எடுப்பார், செம்மரத்துக்கும் எடுப்பார். வாங்குகிற கை ஒன்றே. எந்த வேலை என்பது அந்த ஆண்டு எங்கே கிராக்கி என்பதைப் பொறுத்தது.

சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவர் குண்டடி பட்டார், சிறைக்குப் போனார். முதல் கண்ணியில் இருக்கும் வாங்குபவரின் பெயர்கூட எந்த வழக்குக் கட்டிலும் ஏறவில்லை. சட்டத்துக்கு உட்பட்ட வணிகத்திலும் நிலைமை இதிலிருந்து அதிகம் மாறுபடவில்லை என்பதுதான் சங்கடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டாய உழைப்பு கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 23ஆவது பிரிவு. 1975 அக்டோபர் 25ஆம் தேதி அவசரச் சட்டமாக வந்து, 1976 பிப்ரவரியில் முழுச் சட்டமானது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். அது சொல்வதைப் பலர் இன்னும் நம்புவதில்லை: கொத்தடிமைக் கடன் அந்த நிமிடமே செத்துப் போகிறது. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டு வழக்குப் போடவும் முடியாது. ஒரு கடன் கொத்தடிமைக் கடனா இல்லையா என்ற கேள்வி எழுந்தால், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. சத்தியவேட்டுத் தாய் ரூ. 45,000 புரட்ட அலைந்தபோது, சட்டப்படி அவள் ஒரு பைசாகூடத் தர வேண்டியிருக்கவில்லை. அதை அவளுக்குச் சொல்ல அருகில் யாரும் இல்லை.

உச்ச நீதிமன்றம் இன்னும் இரண்டு படி மேலே போனது. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் பற்றிய 1982ஆம் ஆண்டு வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்றது. பசி துரத்தும்போது "விருப்பப்பட்டு" வந்தான் என்ற வாதம் செல்லாது. 1983 டிசம்பரில், ஃபரிதாபாத் கல்குவாரிகள் பற்றிய பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், கட்டாய உழைப்பு இருக்கிறது என்று தெரிந்தால் அதன் பின்னே முன்பணம் இருக்கிறது என்றே அனுமானிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

சட்டத்தில் பல் இருக்கிறது, கடிப்பதுதான் அரிது. கலெக்டரின் தலைமையில் மாவட்டத்துக்கும், கோட்டத்துக்கும் கண்காணிப்புக் குழுக்கள் இருக்க வேண்டும். மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். 2016ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டப்படி மறுவாழ்வுக்கு ஆண்களுக்கு ரூ. 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ரூ. 2 லட்சம், மிகக் கொடிய நிலையில் மீட்கப்பட்டவர்களுக்கு ரூ. 3 லட்சம். உடனடி உதவி தனி. ஆனால் முழுத் தொகை வழக்கில் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. தண்டனை வரும்வரை காத்திருக்க வேண்டுமானால், மீண்டவர் அதற்குள் இன்னொரு முன்பணம் வாங்கிவிடுவார். பல நேரங்களில் வருவாய்த் துறை அதைக் "கூலித் தகராறு" என்று எழுதி முடித்துவிடுகிறது. பேருந்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பியதோடு மீட்பு முடிந்துவிடுகிறது.

யானாதிகள், இருளர்கள் விஷயத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் ஒன்றுபட்ட ஆந்திராவில் யானாதிகள் ஐந்து லட்சத்துக்கு மேல். தமிழகத்தில் இருளர்கள் ஏறக்குறைய 1.9 லட்சம். முதலாளியின் தோப்பிலோ வயலிலோ குடியிருப்பவருக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாவிட்டால் முகவரி இல்லை. முகவரி இல்லாவிட்டால் ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் ஒவ்வொன்றும் இழுத்தடிக்கும். காகிதத்தில் இல்லாத ஆளைக் காணாமல் போனால்கூடத் தேட முடியாது.

வெளிநாட்டுச் சட்டமும் உள்ளூர் மேஸ்திரியும்

சர்வதேச தொழிலாளர் அமைப்பும் வாக் ஃப்ரீ நிறுவனமும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட கணக்குப்படி, 2021இல் உலகில் 4.96 கோடிப் பேர் நவீன அடிமைகள். அவர்களில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியவர்கள். மற்றவர்கள் கட்டாயத் திருமணத்தில். இந்தக் கணக்குகள் பெருகப் பெருக, பணக்கார நாடுகள் தங்கள் கம்பெனிகளைக் கேள்வி கேட்கத் தொடங்கின.

முதலில் பெரிய அளவில் பேசப்பட்டது பிரிட்டனின் 2015ஆம் ஆண்டுச் சட்டம். ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டுக்கு மேலுள்ள நிறுவனங்கள், தங்கள் தொழிலிலும் தங்களுக்குச் சரக்குத் தருபவர்களிடமும் அடிமை முறையைத் தடுக்க என்ன செய்தன என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். அந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. "எதுவும் செய்யவில்லை" என்று அறிக்கை விட்டாலும் சட்டப்படி கடமை முடிந்தது. ஆஸ்திரேலியா 2018இல் தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய யூனியன் 2024இல் நிறைவேற்றிய விதி இன்னும் கடுமையானது: கட்டாய உழைப்பில் விளைந்த பொருளை 2027 டிசம்பரிலிருந்து அங்கே விற்கவே முடியாது.

அறிக்கை எழுதுவதற்கும் துறைமுகத்தில் சரக்கு நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் திண்டுக்கல் பார்த்திருக்கிறது. நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் அங்கே மேற்பார்வையாளராக இருந்தவரால் கொல்லப்பட்டார். பெண்கள் மீதான துன்புறுத்தல் பற்றிய புகார்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளின் துணையோடு, தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸோடும் துணி வாங்கும் ஹெச் அண்ட் எம் கம்பெனியோடும் 2022இல் ஒப்பந்தம் போட்டது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று பெயர். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி அந்த ஆலையின் சரக்கை நிறுத்தியது. ஒப்பந்தம் நடைமுறையில் இருப்பதைக் காட்டிய பிறகு, செப்டம்பரில் தடை விலகியது.

அந்த ஒப்பந்தத்தின் சாரம் எளிமையானது. ஆலைக்குள் நடப்பதைக் கண்காணிக்கும் பொறுப்பு ஆண்டுக்கு ஒருமுறை கோப்போடு வந்து போகும் தணிக்கையாளரிடம் விடப்படவில்லை; பயிற்சி பெற்ற தொழிலாளர்களிடமே தரப்பட்டது. வாங்குபவரும் கையெழுத்துப் போட்டதால், மீறினால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் ஆலைக்கு இருந்தது.

இந்தியாவிலும் கேள்வித்தாள் வந்துவிட்டது. பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் செபிக்குப் பொறுப்பு அறிக்கை தர வேண்டும். சொந்த ஆலைகளில் குழந்தைத் தொழிலாளர், கட்டாய உழைப்பு பற்றிச் சோதித்தீர்களா என்பது அதில் கட்டாயக் கேள்வி. சரக்குத் தருபவர்களிடம் சோதித்தீர்களா என்பது விருப்பக் கேள்விகளின் பட்டியலில் இருக்கிறது. கொத்தடிமை எந்தப் பட்டியலில் இருப்பான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே தொடங்குவது?

தடுக்க முடியாத நோய் அல்ல இது. மனமிருக்கும் கம்பெனி நாளைக் காலையிலேயே சிலவற்றைத் தொடங்கலாம்.

முதலாவது, முன்பணத்தைப் பற்றிக் கேட்பது. "உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "யார் மூலம் வந்தாய்? ஊரில் எவ்வளவு வாங்கினாய்? இன்னும் எவ்வளவு பாக்கி? பாக்கி இருக்கும்போது ஊருக்குப் போக முடியுமா?" என்று கேட்டால் உண்மை வரும். கேட்பவர் தெலுங்கோ தமிழோ ஒடியாவோ தொழிலாளியின் பாஷையில் கேட்க வேண்டும். மேஸ்திரி பக்கத்தில் நிற்கக் கூடாது.

இரண்டாவது, ஆள் சேர்க்கும் செலவைக் கம்பெனியே ஏற்பது. ரயில் டிக்கெட், முகவர் கமிஷன், மருத்துவப் பரிசோதனை எல்லாம் தொழிலாளியின் கணக்கில் ஏறினால், அவர் வேலைக்கு வரும் முதல் நாளே கடனாளி. ஏற்கெனவே பிடித்தது தெரிந்தால் திருப்பித் தர வேண்டும்.

மூன்றாவது, காண்ட்ராக்டருக்குக் கொடுக்கும் தொகையைக் கூட்டிப் பார்ப்பது. ஒரு ஆளுக்குக் குறைந்தபட்ச ஊதியம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., வார விடுமுறை, காண்ட்ராக்டரின் நியாயமான லாபம் இவற்றைக் கூட்டினால் வருகிற தொகையைவிடக் கம்பெனி குறைவாகக் கொடுத்தால், மிச்சத்தை யாரோ ஒருவர் உடம்பால் கட்டுகிறார். இது பர்ச்சேஸ் துறை போடும் கணக்கு. மனிதவளத் துறை எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் இதை மாற்ற முடியாது.

இந்த விலை அழுத்தம் எப்படி இறங்கும் என்பதற்குச் சித்தூரின் மாம்பழமே பாடம். கூழ் ஆலைகளுக்குப் போகும் தோதாபுரி, அதாவது நம் பெங்களூரா மாங்காய், 2025 பருவத்தில் விலை சரிந்தது. ஆலைகள் கிலோவுக்கு ரூ. 8 தர வேண்டும், அரசு ரூ. 4 சேர்த்துத் தரும் என்று ஆந்திர அரசு அறிவிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் அந்த எட்டு ரூபாய் கைக்கு வரவில்லை என்று விவசாயிகள் புலம்பினார்கள். வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் கூழின் விலை இறங்கினால் ஆலை விவசாயியிடம் குறைக்கிறது. விவசாயி யாரிடம் குறைப்பார்? அவருக்குக் கீழே இருப்பவர்கள் பறிப்பவர்களும், தோப்பிலேயே குடியிருந்து காவல் காக்கும் குடும்பமும்தான்.

நான்காவது, ஆலைக்கு வெளியேயும் பார்ப்பது. சுவர் கட்டும்போது செங்கல் எந்தச் சூளையிலிருந்து வருகிறது, பலகைக்கு மரம் எங்கே வெட்டப்படுகிறது, கேண்டீன் அரிசி எந்த மில் என்று எழுதி வைப்பது. எல்லாவற்றையும் ஒரே நாளில் தேட முடியாது. முன்பணம் புழங்கும் தொழில்கள் எவை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து தொடங்கலாம்.

ஐந்தாவது, புகார் சொல்ல ஒரு வழி. காண்ட்ராக்டரின் கைக்குப் போகாத தொலைபேசி எண், சங்கம் வைக்கும் உரிமை, கணக்கு நோட்டின் பிரதி ஒன்று தொழிலாளியின் கையில். ஆந்திரத் தொழிலாளர் துறையையும் மாவட்டக் கண்காணிப்புக் குழுவையும் தொடர்புகொள்ள வேண்டிய விவரம் தெலுங்கிலும் தமிழிலும் ஒடியாவிலும் சுவரில் இருக்க வேண்டும். சித்தூரிலும் திருப்பதியிலும் இரண்டு பாஷையும் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை.

ஆறாவதுதான் மிகக் கடினம். கொத்தடிமை இருப்பது தெரிந்தவுடன் பெரும்பாலான கம்பெனிகள் செய்யும் முதல் காரியம், அந்தக் காண்ட்ராக்டரைக் கைகழுவி விடுவது. பெயர் கெடாது, பிரச்சினை தீர்ந்தது. உண்மையில் அன்றிரவே அந்தக் குடும்பம் லாரியில் ஏற்றப்பட்டு வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். செய்ய வேண்டியது கலெக்டருக்குத் தகவல் சொல்வது. விடுதலைச் சான்றிதழ் கிடைக்கும்வரை நிற்பது. பாக்கிக் கூலியைக் காண்ட்ராக்டர் தராவிட்டால் தானே தருவது. காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளி தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. மீட்டுவிட்டு மறுவாழ்வு தராமல் விட்டால் மறுபடியும் பசியிலும் அடிமைத்தனத்திலும்தான் தள்ளுகிறோம் என்று 1984இலேயே உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது. அன்று அது அரசுக்குச் சொன்னது. இன்று கம்பெனிகளுக்கும் பொருந்தும்.

இவை எல்லாவற்றையும் செய்தாலும் வாத்து மந்தைக்குப் பின்னால் நடக்கிற பிள்ளையைக் கம்பெனி காப்பாற்றிவிட முடியாது என்பது உண்மைதான். வாத்துக்காரர் எந்தப் பங்குச் சந்தையிலும் பதிவானவர் அல்ல. அங்கே அரசுதான் போக வேண்டும்: அறுவடை வயலுக்கு, சூளைக்கு, தோப்புக்கு, கணக்கெடுப்புக்கு அகப்படாத குடிசைக்கு. ஆனால் ஒரு வட்டாரத்தில் முன்பணம் கொடுத்து ஆள் கட்டுவது வழக்கமாக இருக்கும்வரை, அங்கே ஆலை வைத்திருப்பவர் தன் சுவருக்குள் மட்டும் அந்த வழக்கம் எட்டிப் பார்க்காது என்று நம்புவது வீண். பெரிய கம்பெனிகள் முன்பணம் இல்லாமல், மாதக் கூலிக்கு, வங்கிக் கணக்கில் ஆள் எடுத்தால், முகவரின் பணப்பைக்கு மவுசு குறையும். மலையிலும் ஆற்றங்கரையிலும் உள்ளவர்களுக்கு வேறு வழி ஒன்று தெரியும்.

பாலாற்றங்கரையில் அந்தக் குழி தோண்டப்பட்டபோது கூட்டம் கூடியது. சில நாள் தொலைக்காட்சியில் வந்தது. பிறகு கலைந்தது. எல்லைக்கு இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல்களில் வாத்துகள் மேய்ந்துகொண்டுதான் இருக்கின்றன. பின்னால் நடக்கிறவர்களை நிறுத்தி, "எவ்வளவு வாங்கினாய்?" என்று கேட்க அதிக நேரம் பிடிக்காது.